நாலு வரியில் படம் சொல்லப் போகும் பிள்ளைக்கு

கண்ணு, பத்திரிகையில் உனக்கு ஒரு மூலை ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். வாரம் நாலைந்து படம், படத்துக்கு நாலைந்து வரி, கடைசியில் ஒரு மார்க். பெரிய ஹீரோ படம் வரும், பேய்ப் படம் வரும், மலையாளத்திலிருந்து ஒரு குடும்பக் கதை வரும், குழந்தைகளுக்கு ஒரு கார்ட்டூன் வரும், ஓடிடியில் ஓர் ஈரானியப் படமும் வந்து உட்கார்ந்திருக்கும். நீளமாக எழுத இடம் தரவில்லையே என்று நீ குறைப்பட்டாயாம். அப்படி நினைக்காதே. நீளமான கட்டுரை தூண்கள் நிறைந்த பழைய வீடு. எழுதுகிறவன் தன் சோம்பலையும் பயத்தையும் ஏதாவதொரு தூணுக்குப் பின்னால் மறைத்துவிடலாம். நாலு வரி என்பது ஒற்றை அறை. கதவைத் திறந்ததுமே நீ எப்படிப்பட்ட ஆள் என்று வாசகருக்குத் தெரிந்துவிடும். அதனால் கீழே எழுத்து நுணுக்கம் கொஞ்சம்தான் இருக்கும்; மற்றதெல்லாம் உன் குணத்தைப் பற்றியது. இந்த வேலையில் தலை நரைத்தவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

1. முதலில் படத்தைக் காட்டு. தீர்ப்பு அப்புறம் வரட்டும். ‘அருமை’, ‘சுமார்’, ‘மொக்கை’ மூன்றும் உன் மனநிலையைச் சொல்லுமே தவிர, படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. நான் வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு மூத்த உதவி ஆசிரியர் இருந்தார். தாளை வாங்கி, புகழும் வசவும் சொல்கிற சொற்களை எல்லாம் சிவப்பு மையால் அடித்துவிட்டு, “இப்போ படி, படம் இன்னும் தெரியுதா?” என்பார். தெரிந்தால் அச்சுக்குப் போகும். அமெரிக்காவில் பாலின் கேல் ‘நியூயார்க்கர்’ இதழில் எழுதிய சின்னக் குறிப்புகள் 1982இல் ‘5001 நைட்ஸ் அட் த மூவீஸ்’ என்று தடித்த புத்தகமாக வந்தன. கிடைத்தால் புரட்டிப் பார். ஒரே பத்தியில் கதைக்களமும் நடிகரின் தோரணையும் இயக்குநரின் போக்கும் எழுதியவரின் எரிச்சலும் இருக்கும். அவர் முடிவோடு நீ சண்டை போடலாம். அது என்ன மாதிரிப் படம் என்று தெரியாமல் மட்டும் எழுந்து போக முடியாது.

2. ஒரு படம் எதைத் தர வந்ததோ அதை வைத்து அதை அள. பாலுமகேந்திராவின் ‘வீடு’ (1988) படத்தில் சண்டைக் காட்சி தேடுகிறவனும், ரஜினி படத்தில் மௌனம் தேடுகிறவனும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். ‘நியூயார்க் டைம்ஸ்’ விமர்சகர் பாஸ்லி குரோதர் சாதாரண ஆள் இல்லை. இத்தாலியின் நியோ ரியலிசப் படங்களுக்கு அமெரிக்காவில் குரல் கொடுத்தவர். அவரே 1958இல் ‘பதேர் பாஞ்சாலி’யைப் பார்த்துவிட்டு, ஹாலிவுட் எடிட்டர்களிடம் இது முதல் கச்சா வெட்டாகக்கூடத் தேறாது என்ற தொனியில் எழுதினார். ஹாலிவுட்டின் வேகத்தைக் கையில் அளவுகோலாக வைத்துக்கொண்டு வங்காளத்துக் கிராமத்தை அளந்தார். அதே படம் நியூயார்க்கில் மாதக்கணக்கில் ஓடியது. இந்தப் பக்கம் 1975இல் ‘ஷோலே’ வந்தபோது முதல் விமர்சனங்கள் பல கசப்பாகவே இருந்தன. பம்பாய் மினர்வா தியேட்டரில் அது ஐந்து ஆண்டு ஓடியது. அளவுகோலை மாற்று என்றால் தலையாட்டு என்று பொருளில்லை. பேய்ப் படம் பயமுறுத்த வந்ததென்றால், நீ பயந்தாயா என்று சொல். சிரிக்க வைக்க வந்ததென்றால், எத்தனை தடவை வாய்விட்டுச் சிரித்தாய் என்று உன்னையே கேள். குழந்தைப் படமென்றால் பக்கத்து இருக்கைப் பிள்ளை எப்போது பாப்கார்ன் தின்பதை நிறுத்தியது என்று பார்.

3. மார்க் போடும் கை நடுங்கவும் கூடாது, தாராளமும் காட்டக்கூடாது. ஒரு காலத்தில் ‘ஆனந்த விகடன்’ 100க்கு மார்க் போட்டால், அடுத்த வாரம் முழுக்கத் தமிழ்நாட்டில் அதைப் பற்றித்தான் பேச்சு. நல்ல படமே நாற்பதுகளில் நிற்கும். 1977இல் பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’க்கு 62½ கொடுத்தார்கள். இன்றைக்கும் அந்த எண்ணைச் சொல்லிப் பெருமைப்படுகிறவர்கள் உண்டு. அந்த அரை மார்க்குக்கு எங்கிருந்து அவ்வளவு மதிப்பு வந்தது? மற்ற வாரங்களில் காட்டிய கறாரிலிருந்து வந்தது. பிரான்சின் ‘காயே து சினிமா’ இதழ் 1955 முதல் பத்து விமர்சகர்களின் நட்சத்திரங்களை ஒரே கட்டத்தில் அருகருகே அச்சிட்டது. மெனக்கெட்டுப் போக வேண்டாம் என்றால் ஒரு கரும்புள்ளி, மகத்தானது என்றால் நாலு நட்சத்திரம். எந்த விமர்சகருக்கு எது பிடிக்கும் என்று வாசகர் நாளடைவில் கற்றுக்கொண்டார். ஒருவர் கரும்புள்ளி வைத்ததாலேயே படத்துக்குப் போனவர்களும் இருந்திருப்பார்கள். நீயும் அப்படிக் கணிக்கத்தக்க ஆளாக இரு. வெள்ளிக்கிழமைதோறும் நாலு நட்சத்திரம் வாரி விட்டால், மெய்யாகவே நல்ல படம் வரும் நாளில் உன் கையில் கொடுக்க ஒன்றும் இருக்காது. எழுதிய வரியும் போட்ட மார்க்கும் ஒன்றையொன்று முறைத்துக்கொள்ளாமலும் பார்த்துக்கொள்.

4. முழுப் படத்தையும் பார். டைட்டில் ஓடும்போதே இருக்கையில் இரு. கடைசிப் பெயர் மேலேறும்வரை எழாதே. 1956இல் கான் விழாவில் ‘பதேர் பாஞ்சாலி’ ஓடிக்கொண்டிருக்கும்போது, அன்று விமர்சகராக இருந்த பிரான்சுவா த்ரூஃபோ எழுந்து வெளியே போய்விட்டதாகச் சொல்வார்கள். அந்த விழாவிலேயே அதற்குச் சிறந்த மனித ஆவணம் என்ற பரிசு கிடைத்தது. த்ரூஃபோ எவ்வளவு பெரிய கலைஞராக வளர்ந்தும் அந்தக் கதை அவரைவிட்டுப் போகவில்லை. நீ படத்தின் பாதியில் கைபேசியைப் பார்ப்பதும் எழுந்து போவதும் ஒன்றுதான். உடம்பு மட்டும் இருக்கையில் இருக்கும். ஒளிப்பதிவு யார், எடிட்டிங் யார், ஒலி யார் என்று குறித்துக்கொள். நாலு வரியில் ஒரு வரி அவர்களில் யாருக்காவது உரியதாக இருக்கும். தூங்கிப் போனாயென்றால் எழுதாதே, அல்லது மறுபடி போய்ப் பார். கண்ணை மூடியவன் படத்தைப் பற்றிச் சொல்வது சாட்சியாகாது.

5. டிக்கெட்டை உன் காசில் எடு. பிரிவியூ காட்சிக்கு அழைப்பார்கள். சாலிகிராமத்து லேபில் குளிர்ந்த அரங்கம், இடைவேளையில் சமோசா, வெளியே வரும்போது தயாரிப்பாளர் கைகூப்பி நிற்பார். சில இடங்களில் ஒரு கவரும் நீளும். எனக்கு முந்தைய தலைமுறையில் ஒருவர் பிரிவியூவுக்கே போக மாட்டார். கவுன்டரில் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கி, கிழித்த பாதியை டைரியில் ஒட்டி வைப்பார். “காசு குடுத்தவன்தான் ஏமாந்தேன்னு சொல்ல முடியும்” என்பது அவர் பேச்சு. கவரை மறுப்பது சுலபம், அதில் பாவம் பளிச்சென்று தெரியும். மறுக்கக் கடினமானது நட்பு. இயக்குநர் உன் தோளில் கைபோட்டு, “தம்பி, ரெண்டு வருஷ உழைப்பு” என்பார். அவரை மதி, டீ குடி, ஊர் நலம் விசாரி. எழுத உட்காரும்போது அந்தக் கை உன் தோளில் இருக்கக்கூடாது. எடுக்க முடியவில்லை என்றால் அந்தப் படத்தை வேறொருவரிடம் கொடுத்துவிடு. அதில் அவமானம் ஒன்றுமில்லை.

6. நடிப்பைச் சொல், உடம்பைத் தொடாதே. நடிகையின் எடை, நடிகரின் நிறம், வயது, வீட்டு விவகாரம், சாதி எதுவும் உன் நாலு வரிக்குள் வரக்கூடாது. கேலிக்குப் பஞ்சமே இல்லாத நம் பத்திரிகை உலகில் இது பலகாலம் சர்வசாதாரணமாக நடந்தது. படித்துச் சிரித்தவர்கள் மறந்துவிட்டார்கள், எழுதப்பட்டவர்கள் மறக்கவில்லை. 1937இல் லண்டனில் ‘நைட் அண்ட் டே’ என்ற வார இதழில் நாவலாசிரியர் கிரஹாம் கிரீன் சினிமா விமர்சனம் எழுதினார். ஷெர்லி டெம்பிள் என்ற குழந்தை நட்சத்திரம் நடித்த ‘வீ வில்லி விங்கி’ பற்றி எழுதியபோது, படத்தைத் தாண்டி அந்த ஒன்பது வயதுக் குழந்தையின் உடம்பைப் பற்றியும் அதை ரசிப்பவர்களின் கண்ணைப் பற்றியும் விரசமாக எழுதிவிட்டார். வழக்கு வந்தது, 1938இல் 3,500 பவுண்டு நஷ்ட ஈடு. இதழ் அதற்கு முன்பே மூடிவிட்டது. ஸ்டூடியோக்கள் குழந்தைகளை எப்படி விற்கின்றன என்பதைத்தான் அவர் சொல்ல வந்தார், அதில் நியாயம் இருந்தது என்று வாதாடுகிறவர்கள் இன்றும் உண்டு. இருக்கட்டும். அந்த நியாயத்தை ஒரு குழந்தையின் உடம்பைத் தொடாமலே சொல்லியிருக்கலாம்.

7. சிரிக்க வைக்கும் வரியைச் சந்தேகப்படு. லெனார்ட் மால்டின் என்பவர் 1969 முதல் பல்லாயிரம் படங்களுக்குச் சின்னக் குறிப்பெழுதிப் புத்தகமாகப் போட்டுவந்தார். 1948இல் வந்த ‘இஸன்ட் இட் ரொமான்டிக்?’ என்ற படத்துக்கு அவர் எழுதியது ஒரே ஒரு சொல்: இல்லை என்ற மறுப்பு. உலகத்திலேயே குட்டையான விமர்சனம் என்று அதற்குப் பெயர். படத்தின் தலைப்பே ஒரு கேள்வியாக இருந்ததால் அந்தச் சொல் அந்தப் படத்துக்கு மட்டும் பொருந்தியது. இதுதான் சோதனை. உன் வேடிக்கை வரி வேறொரு படத்துக்கும் பொருந்துமானால் அடித்துவிடு. பம்பாயில் ‘ஃபிலிம்இந்தியா’ இதழை நடத்திய பாபுராவ் படேலின் திட்டுகளை அந்தக் காலத்தில் படத்தைவிட ஆசையாகப் படித்தார்கள். நம் கல்கி ‘கர்நாடகம்’ என்ற பெயரில் கச்சேரியையும் நாடகத்தையும் விமர்சித்தபோது சிரிப்பு தாராளமாக இருந்தது. அந்தச் சிரிப்புக்கு அடியில் விஷயம் தெரிந்த காது இருந்தது. விஷயம் தெரியாதவன் நையாண்டி வெறும் வாயாடித்தனம்.

8. கதையைக் கொட்டிவிடாதே. எஸ்.பாலசந்தரின் ‘அந்த நாள்’ (1954) பாட்டே இல்லாமல் வந்த தமிழ்ப் படம். தொடக்கத்திலேயே சிவாஜி சுடப்பட்டு விழுந்துவிடுவார். யார் சுட்டது என்பதுதான் மிச்சப் படம் முழுக்க. கொலையாளி யார் என்று ஒரு விமர்சகன் எழுதிவிட்டால் அந்தக் குழுவின் மொத்த உழைப்பையும் ஒரு வரியில் திருடியவன் ஆகிறான். 1960இல் ‘சைக்கோ’ வந்தபோது ஹிட்ச்காக் விமர்சகர்களுக்கு முன்கூட்டிக் காட்டவே இல்லை. ஜனங்களோடு உட்கார்ந்து பாருங்கள் என்று விட்டுவிட்டார். படம் தொடங்கிய பிறகு வந்தவர்களை உள்ளே விடவும் இல்லை. எவ்வளவு சொல்லலாம் என்று தெரியாமல் திண்டாடினால் நம்மூர் வழக்கம் ஒன்று கைகொடுக்கும்: இடைவேளை. அதற்கு முன்னால் எங்காவது நின்றுகொள். முடிவு பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல். என்ன முடிவு என்று சொல்லாதே.

9. கூட்டத்தைக் கவனி, ஆனால் தீர்ப்பைக் கூட்டத்திடம் கடன் வாங்காதே. முதல் நாள் முதல் காட்சியில் விசில் எங்கே விழுகிறது, எங்கே திடீரென்று அடங்குகிறது என்பதெல்லாம் நல்ல செய்திதான். ஆனால் படம் முடிந்து வெளியே வருவதற்குள் வாசலில் மைக் நீளும். அரை நிமிஷத்தில் ‘மாஸ்’ அல்லது ‘குப்பை’. இந்த அவசரம் பொறுக்காமல்தான் 2024 நவம்பரில் தயாரிப்பாளர் சங்கம், யூடியூப்காரர்களைத் தியேட்டர் வளாகத்துக்குள் விடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டது. பேசுகிற வாயை மூடுவது சரியான மருந்து என்று நான் நினைக்கவில்லை. ஆனால் நோய் என்னவென்று உனக்குப் புரிய வேண்டும். அடுத்தவர் தீர்ப்பைப் படிக்காமல் உன்னுடையதை எழுது. முடிந்தால் ஒரு ராத்திரி தூங்கி எழுந்து எழுது. வசூலைப் பார்த்து வரியைத் திருத்தாதே. ஏ சென்டரில் போகுமா, பி, சியில் போகுமா என்று கணக்குப் பார்க்க விநியோகஸ்தர்கள் இருக்கிறார்கள், அது அவர்கள் பிழைப்பு. 2003 பொங்கலுக்கு வந்த ‘அன்பே சிவம்’ தியேட்டரில் தோற்றது. பிறகு டிவியில் பார்த்துப் பார்த்து ஒரு தலைமுறையே அதைத் தன் படமாக்கிக்கொண்டது. தியேட்டர் காலியாக இருந்த அந்த வாரத்தில் நல்ல படம் என்று எழுதியவர்தான் விமர்சகர்.

10. மாறிய மனதை மறைக்காதே. 1967இல் ‘பானி அண்ட் கிளைட்’ வந்தபோது ‘நியூஸ்வீக்’ இதழின் ஜோ மார்கென்ஸ்டர்ன் அதை மட்டமாக எழுதினார். பிறகு மறுபடி போய்ப் பார்த்தார். அடுத்த இதழிலேயே, போன வாரம் நான் எழுதியது தவறு என்று சொல்லிப் புதிதாக எழுதினார். அந்தப் படத்தை விடாமல் எதிர்த்த குரோதரின் பெயரைவிட மார்கென்ஸ்டர்னின் பெயரைத்தான் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் மரியாதையோடு சொல்கிறார்கள். 2003இல் கான் விழாவில் ‘த பிரவுன் பன்னி’யைக் கிழித்துத் தொங்கவிட்டார் விமர்சகர் ராஜர் ஈபர்ட். இயக்குநருக்கும் அவருக்கும் ஊரறிந்த வாய்ச்சண்டை. இயக்குநர் படத்தை நன்றாக வெட்டிச் சுருக்கி அடுத்த ஆண்டு கொண்டுவந்தபோது, சண்டையை ஓரமாக வைத்துவிட்டு நல்ல படம் என்று எழுதினார். ஆனால் ஒன்று. படம் மாற வைத்தால் மாறு. ரசிகர் மன்றத்துக்காரர்களின் வசவு மாற வைத்தால் மாறாதே. இரண்டுக்கும் வித்தியாசம் உனக்கு மட்டும்தான் தெரியும், அதனால் அதில் நீதான் உனக்குக் காவல்.

11. அந்தப் பக்கம் நிற்பவரும் நீயாக இருக்கலாம் என்று நினைத்து எழுது. 1958இல் காரைக்குடி அழகப்பா கல்லூரி விழாவுக்கு எம்.ஜி.ஆர். வந்தார். அவர் முன்னிலையிலேயே ஒரு மாணவர் தமிழ் சினிமாவின் போலித்தனத்தைப் போட்டு உடைத்துப் பேசினார். எம்.ஜி.ஆர். கோபப்படவில்லை, நல்ல விமர்சகராக வரத் தகுதியுள்ளவர் என்று பாராட்டினார். அந்த மாணவர் பிறகு ‘துக்ளக்’கில் சினிமா விமர்சனம் எழுதினார். அப்புறம் ‘முள்ளும் மலரும்’ (1978), ‘உதிரிப்பூக்கள்’ (1979) எடுத்தார். நம் மகேந்திரன்தான். மற்றவர் படத்தில் எதைக் குறை என்று சொன்னாரோ அதைத் தன் படத்தில் வர விடாமல் பார்த்துக்கொண்டார். நீ படம் எடுக்கப் போவதில்லை என்றாலும், நீ எழுதும் குறை ஒரு கலைஞர் அடுத்த படத்தில் கையில் எடுத்துக்கொள்ளக் கூடியதாக இருக்க வேண்டும். ‘இரண்டாம் பாதி இழுவை’ என்பதைவிட, ‘அண்ணன் இறந்த பிறகு தங்கை என்ன விரும்புகிறாள் என்று படத்துக்கே தெரியவில்லை’ என்பது உதவி. அதற்காகப் பரிதாப மார்க் போடாதே. பாவம் என்று போடும் மார்க்கைத் திறமையுள்ளவர்கள் அவமானமாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

12. வாசகரை மறக்காதே. உன் நாலு வரியை நம்பி ஒரு குடும்பம் ஆட்டோ பிடித்து வரும். நாலு டிக்கெட், பார்க்கிங், பாப்கார்ன் என்று அந்த மாதச் செலவில் பெரிய ஓட்டை விழும். யாருக்கு இந்தப் படம், யாருக்கு வேண்டாம் என்று ஒரு வரியில் சொல்லிவிடு: சின்னப் பிள்ளைகளோடு போகலாமா, ரத்தம் பார்க்க முடியாதவர்கள் தாங்குவார்களா, பொறுமையாகப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு என்ன கிடைக்கும். பெரிய படத்துக்கு நீ எழுதினாலும் எழுதாவிட்டாலும் ஊரெல்லாம் பேனர் இருக்கும். விளம்பரக் காசில்லாமல் காலைக் காட்சி ஒன்று மட்டும் கிடைத்து, அடுத்த வெள்ளிக்குள் தூக்கப்படும் சின்னப் படத்துக்கு உன் நாலு வரிதான் பேனர். 1978 தீபாவளிக்கு ருத்ரய்யாவின் ‘அவள் அப்படித்தான்’ வந்தபோது கூட்டமில்லை. எடுத்துச் சொன்ன சிலரால்தான் அது இன்றுவரை பேசப்படுகிறது. இந்த வெள்ளிக்கிழமை ஐந்து படம் வருவதாகப் பேப்பரில் பார்த்தேன். பெரிய ஹீரோ படத்துக்கு ராத்திரிக் காட்சிக்குப் போ. அது எங்கும் ஓடிப்போகாது. காலையில் கிளம்பி, யாரும் பேர் சொல்லாத அந்த ஐந்தாவது படத்தை முதலில் பார்த்துவிட்டு வா. நன்றாயிருந்தால் உன் பக்கத்தில் அதற்கு முதலிடம் கொடு. இல்லையென்றால் ஏன் இல்லை என்பதை மரியாதையாகச் சொல். அச்சுக்கு அனுப்புமுன் எனக்கும் ஒரு பிரதி அனுப்பு, சிவப்பு மை இன்னும் வைத்திருக்கிறேன்.